கயிறு கட்டி நட்ட பூவரிசை

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே முன்பு ஒரு செவ்வரத்தை வேலி இருந்தது. மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் நாங்கள் இந்த வீட்டை வாங்கி வந்தபோதே அதற்கு வயதாகிவிட்டது. அடியில் வெறும் தடி, மேலே மட்டும் கொஞ்சம் இலை. அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது அதன் வளைவு. கேட்டிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்த வேலி, நடுவழியில் பக்கத்து வீட்டுப் பக்கமாக வயிறு தள்ளிக்கொண்டு போய், பிறகு மறுபடி நேருக்கு வரும். அந்த இடத்தில் எங்கள் காணிக்குள் ஒரு காலத்தில் பெரிய பலாமரம் நின்றதாம். மரத்தை விட்டுவிடாமல் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். மரம் எப்போதோ போய்விட்டது. வளைவு மட்டும் மிஞ்சியிருந்தது. நான் கணித டீச்சர். காலையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் என் கண் அந்த வளைவில்தான் போய் நிற்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருடைய கணவருக்கு மாத்தளை டவுனில் புடவைக்கடை. ஒரே மகள். என்னை அவர் டீச்சர் என்பார். வேலியில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியாகத்தான் எங்கள் போக்குவரத்து. ரோட்டைச் சுற்றிக்கொண்டு கேட்டால் வருவது அந்நியருக்கான வழி.

நாங்கள் குடிவந்த இரண்டாம் வருடம் எனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் எழுந்து நிற்க முடியவில்லை. என் கணவருக்குத் தம்புள்ளையில் வேலை. லீவு முடிந்து போய்விட்டார். பன்னிரண்டு நாள், காலையும் மாலையும், அந்த இடைவெளிக்குள் குனிந்து வந்து எனக்குக் கஞ்சி தந்தவர் அக்கா. என் தலையைத் துவட்டிவிட்டார். என் உள்பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததை மட்டும் கேட்டால் யாரோ ஒரு பொல்லாத பெண்ணின் கதை என்று நினைத்துவிடுவார்கள். பொல்லாதவர் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் உடுப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வேலியருகே வந்து நின்றார்.

"டீச்சர், இந்த வேலிய பாத்தாலே அசிங்கமா இருக்கு. எடுத்துட்டு வரிசையா பூ வைப்போமா?"

"வேலி இல்லாம எப்பிடிக்கா?"

"பூவே வேலி மாதிரி நிக்கும். நல்லா உசரமா வளர்றதா பாத்து வைப்போம். நமக்குள்ள என்ன வேலி?"

அந்தக் கடைசி வார்த்தையை நான் பல நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பாடசாலையில் ஓய்வறையில்கூட ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த இரண்டு மாதம் எங்களுக்கு வேறு பேச்சு இல்லை. நான் ஒரு கொப்பியில் குறிப்பெழுதினேன். எனக்கு நான்கு நிபந்தனைகள் இருந்தன. இடுப்புக்கு மேலே வளர வேண்டும். குச்சி கட்டாமல் தானாக நிற்க வேண்டும். ஒருதரம் நட்டால் வருடாவருடம் தானே பூக்க வேண்டும். வேர் ஓடி அக்கா வீட்டுப் பக்கம் போய் முளைக்கக்கூடாது. நான்காவதை ஒரு மரியாதைக்காகத்தான் சேர்த்தேன்.

அக்காவுக்கு டாலியா மேல் ஆசை. நுவரெலியாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தாராம், ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவு. நான் மறுத்தேன். மாத்தளைச் சூட்டுக்கு அது ஒல்லியாக உயர்ந்து, பூவின் கனம் தாங்காமல் சாயும். மார்கழி மழைக்கு முழுசாகப் படுத்துவிடும். கல்வாழையைப் பற்றிப் பேசினோம். கஷ்டமில்லாத செடிதான். ஆனால் புழு இலையைச் சுருட்டி ஓட்டை போடும், வாடிய பூ உதிராமல் நனைந்த துணி மாதிரி தண்டிலேயே தொங்கும். ஹெலிகோனியாவை அக்கா தன் தங்கை வீட்டில் பார்த்திருந்தார். அழகுதான். ஆனால் அங்கே நட்டது மதிலோரம், முளைத்ததோ கிணற்றடியில். நான்காவது நிபந்தனையில் அது அடிபட்டது.

கடைசியில் இரண்டை முடிவு செய்தோம். ஒன்று சிவப்பு இஞ்சிப்பூ. ஆள் உயரம் வளரும், தண்டு ஈட்டி மாதிரி நிற்கும், கூட்டமாக இருந்தாலும் நட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது, ஒரு பூ மூன்று கிழமை இருக்கும். மற்றது பர்ட் ஒஃப் பெரடைஸ். ஆரஞ்சும் நீலமுமாகக் கொக்கின் தலை போலப் பூ. இலை எல்லாம் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும், வருடம் முழுவதும் கலையாது. ஒரே குறை, பூக்க மூன்று நாலு வருடம் எடுக்கும். "அதுக்கென்ன டீச்சர், நாம எங்க போகப்போறோம்" என்றார் அக்கா. முன்வரிசைக்கு வாசனைக்காகக் கொஞ்சம் நிலச்சம்பங்கிக் கிழங்கு.

கன்று வாங்க இருவரும் பஸ்ஸில் யட்டவத்தைக்குப் போனோம். அங்கே வீட்டோடு பூக்கன்று விற்கும் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். நான் ஒவ்வொரு பையையும் தூக்கி அடியில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு, டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துவது போலப் பார்க்கிறார் என்று அக்காவிடம் சிங்களத்தில் சொன்னார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு அந்த வருடத்தில் வேறு இருக்கவில்லை.

நடுவதற்கு முதல் நாள் வேலியைப் பிடுங்க ஒரு கூலியாளைப் பிடித்திருந்தோம். வளைவின் உச்சியில் மண்ணைக் குத்தியபோது அவருடைய அலவாங்கு ஒரு கல்லில் பட்டது. கிளப்பி எடுத்தார். ஒரு முழம் நீளம், ஒரு பக்கம் தட்டை.

"டீச்சர், இது உங்க பைப்படிக்கு நல்லாருக்கும். எடுத்துக்குங்க" என்றார் அக்கா.

பைப்படியில் எப்போதும் சேறு. கல்லைக் கவிழ்த்துப் போட்டதும் கால் வைக்கச் சுகமாக இருந்தது.

மறுநாள் நான்தான் கயிறு கட்டினேன். கேட்டுப் பக்கத்தில் ஒரு முளை, பின்பக்க மதிலோரம் ஒரு முளை. நடுவில் எந்த வளைவும் இல்லை. நேராகக் கட்டியதில் பலாமரம் நின்ற இடம், அகலமான இடத்தில் மூன்று அடி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன்.

"உங்க மண்ணு கொஞ்சம் இந்தப் பக்கம் வருதே டீச்சர்" என்று அக்காவும் சொன்னார்.

"வந்தா என்னக்கா, நீங்க பூச்சட்டி வச்சுக்குங்க. வரிசை நேரா இருந்தாத்தான் வடிவு" என்றேன்.

அக்காவின் மகள் போனில் படமெடுத்தாள். ஒரு படத்தில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி நேர் பார்க்கிறேன், அக்கா எனக்குப் பின்னால் கன்றோடு நிற்கிறார். அந்தப் படத்தை நான் என் ஃபேஸ்புக்கில் போட்டேன். மேலே எழுதினேன்: "இனி எங்கள் இரண்டு வீட்டுக்கும் இதுதான் எல்லை." நல்ல வரி என்று நினைத்தேன். அக்கா அதற்கு மூன்று இதயம் போட்டிருந்தார்.

மூன்று வருடம் வரிசை நன்றாக வந்தது. இஞ்சிப்பூ என் தோளுக்கு மேலே போனது. முத்துமாரியம்மன் கோவில் தேர் நாளில் இருவரும் தண்டு தண்டாக வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தோம். அந்தப் பக்கத்துக் களையை அக்கா பிடுங்குவார், இந்தப் பக்கத்துக் களையை நான். செடிக்கு நடுவே முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அப்படியே அரை மணி நேரம் பேசுவோம்.

பிறகு ஒரு நாள், பாடசாலையில் விளையாட்டுப்போட்டி முடிந்து நான் மத்தியானமே வந்துவிட்டேன். பூவரிசைக்கு அருகில் மூன்றுகால் கருவியோடு சர்வேயர் ஒருவர் நின்றார். அக்கா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அக்காவின் கை கோப்பையோடு ஒரு நொடி அப்படியே நின்றது.

"மகளுக்கு பின்னுக்கு வீடு கட்ட அளக்குறாங்க டீச்சர்."

நல்ல விஷயம் என்றேன். சர்வேயர் என்னைப் பார்த்து, "இந்த வரிசைய நட்டது நீங்களா மிஸ்?" என்று கேட்டார்.

"நான்தான். கயிறு கட்டி நட்டேன். ஒரு அங்குலம் பிசகாது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தாளில் ஏதோ குறித்தார். என் பூவரிசையை ஒருவர் பாராட்டினார் என்ற நினைப்போடு நான் உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை வீட்டுக்கு வந்தபோது வரிசையின் அடியில் என் பக்கமாகக் குழிகள் தோண்டியிருந்தன. பக்கத்தில் கொங்கிரீட் தூண்கள் கிடந்தன. நிலச்சம்பங்கிக் கிழங்குகளை வாரி ஒரு சாக்கில் போட்டிருந்தார்கள். ரோட்டைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக் கேட்டுக்குப் போனேன். ஏன் அப்படிப் போனேன் என்று தெரியவில்லை. நாங்கள் போய்வர வரிசைக்கு நடுவே விட்டிருந்த வழி அப்படியே இருந்தது.

"என்னக்கா இது?"

"மதிலு கட்டுறோம் டீச்சர். பின்னுக்கு வீட்டுக்குப் பிளான் பாஸாகணும்னா இந்தப் பக்கத்தால பத்தடி ரோடு வேணுமாம். பழைய வேலி இருந்தப்ப அந்த வளைவுல எட்டடி கூட இல்ல. இப்ப சரியா இருக்கு."

"அந்த வளைவு எங்க காணிதானே?"

அக்கா அமைதியாகவே சொன்னார்: "நீங்கதானே டீச்சர் கயிறு கட்டினீங்க. நான் கேட்டேனா? நேரா இருந்தாத்தான் வடிவுன்னு சொன்னது நீங்கதானே?"

பொய்யான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. திரும்பவும் ரோட்டைச் சுற்றிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கணவர் வந்ததும் சொன்னேன். அவர் அலுமாரியிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தையும் பழைய பிளானையும் எடுத்து மேசையில் விரித்தார். வளைவு அதில் தெளிவாக இருந்தது. நான் ஃபேஸ்புக்கில் எழுதிய வரியை அவருக்கு யாரோ போனில் காட்டியிருந்தார்கள். "இப்பிடி எழுதுறதுக்கு முந்தி ஒருக்கா என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். அதோடு விட்டுவிட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடினார்கள். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க நாங்கள் உட்கார்ந்தோம், ஒரு பக்கம் நானும் கணவரும், மறுபக்கம் அக்காவும் அவர் கணவரும். அக்கா நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் கயிறு பிடிக்கும் படம். நான் முளை அடிக்கும் படம். பிறகு என் வரி. சபையில் இருந்த பெரியவர் ஒருவர் அதை உரக்க வாசித்தார். "இனி எங்கள் இரண்டு வீட்டுக்கும் இதுதான் எல்லை." அதை எழுதியபோது நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"இவங்களே விரும்பித்தான் தந்தாங்க" என்றார் அக்கா.

இவங்க. பதினோரு வருடமாக டீச்சர் என்று கூப்பிட்ட வாய். படங்களையும் பத்தடி ரோட்டையும்கூட நான் தாங்கிக்கொண்டேன். அந்த ஒரு சொல்லில்தான் கண் கலங்கிவிட்டது. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

சபையார் நிதானமானவர்கள். உறுதியைப் பார்த்தார்கள். பழைய பிளான்படி மறுபடி அளக்கச் சொன்னார்கள். அதற்கு முன்பு அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார்: "பிள்ளை ஒன்னு வீடு கட்டுற விஷயம். மூணடிதானே. விட்டுக்கொடுக்க விருப்பமா?"

அக்கா ஒருமுறை வரிசைக்கு நடுவே இருந்த வழியால் வந்து, "டீச்சர், மகளுக்கு ரோடு பத்தல, கொஞ்சம் தாங்க" என்று கேட்டிருந்தால், நான் அன்றைக்கே கணவரைச் சம்மதிக்கவைத்து எழுதிக் கொடுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அங்கே அந்த மண்டபத்தில், "விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இரண்டாவதாக வந்த சர்வேயர் வயதானவர். வளைவின் உச்சியில் நின்று, "இங்க ஒரு எல்லைக்கல்லு இருக்கணுமே" என்றார். அங்கே ஒன்றும் இல்லை. நான் யோசித்துக்கொண்டே முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். பிறகு அவரைப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேர் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். அடிப்பக்கத்தில், மண்ணைத் துடைத்ததும், உளியால் வெட்டிய சிலுவைக்குறி தெரிந்தது. மூன்று வருடமாக அதன் மேல் நின்றுதான் நான் கால் கழுவியிருக்கிறேன். வரிசைக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார். இலைகளுக்கு நடுவே அவருடைய சேலை நிறம் தெரிந்தது. பிறகு அது அவருடைய வீட்டுப் பக்கம் நகர்ந்தது.

காணி எங்களுக்கு வந்தது. அக்கா வீட்டார் பழைய வளைவின்படியே ஆறடி மதில் எழுப்பினார்கள். பின்னால் வீடு கட்டும் திட்டம் நின்றுபோனது. மகள் கல்யாணமாகி, கண்டியில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இருபதடி தூரம்கூட இல்லை. கல்யாணப் பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. நான் போகவில்லை. மூன்றடி மண்ணுக்காக டீச்சர் ஒரு பிள்ளையின் வீட்டைக் கெடுத்துவிட்டார் என்று கடைவீதியில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது.

பூவரிசை இப்போது எல்லையில் இல்லை. எங்கள் முற்றத்துக்குள்ளேயே நேராக நிற்கிறது. அதற்கும் மதிலுக்கும் நடுவே பிறை வடிவில் ஒரு துண்டு நிலம், நான் எதையும் நடாத நிலம். காலை வெயிலை மதில் மறைப்பதால் இஞ்சிப்பூத் தண்டுகள் வீட்டுப் பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டன. குச்சி கட்ட வேண்டிவந்தது. மதில் எழும்பிய அதே வருடம்தான் பர்ட் ஒஃப் பெரடைஸ் முதல்முறை பூத்தது. நாலு பூ. பாடசாலைக்கு வெட்டிக்கொண்டு போய் ஓய்வறையில் வைத்தேன். எங்கே வாங்கியது என்று ஒருவர் கேட்டார். யட்டவத்தையில் என்றேன். யாரோடு போனேன் என்று சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது ஒரு சின்னக் கேள்வி. அக்கா இதை எப்போது நினைத்தார்? வேலியருகே வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையேவா? டாலியாவா இஞ்சிப்பூவா என்று இரண்டு மாதம் என்னோடு வாதாடியதெல்லாம் அதற்காகத்தானா? அல்லது உண்மையிலேயே பூவுக்காக நட்டு, மகளுக்கு வரன் வந்த பிறகு அந்த நேர்க்கோடு கண்ணில் பட்டதா? இரண்டாவது என்றால், பஸ்ஸில் மடியில் கன்றோடு சிரித்த அந்த நாள் எனக்கு மிஞ்சும். முதலாவது என்றால் அதுவும் போய்விடும். எந்த நாட்களை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று தெரியாமல் இரண்டு வருடம் இருந்தேன்.

இந்த வருடத் தேருக்கு முந்திய கிழமை, மெயின் ரோட்டில் டவுன் பஸ்ஸுக்காக நின்றேன். அக்காவும் வந்து நின்றார். வேறு யாரும் இல்லை. தலைமுடி நிறைய நரைத்திருந்தது.

"எப்பிடி இருக்கீங்க டீச்சர்?"

"இருக்கேன்கா."

ஒரு லொறி போனது. தூசு அடங்கியதும் நான் கேட்டுவிட்டேன்.

"ஒன்னு கேட்டா சொல்லுவீங்களா? யட்டவத்தைக்கு கன்னு வாங்கப் போனோமே. அன்னைக்கே இந்த ரோட்டு யோசனை உங்க மனசுல இருந்துச்சா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு டீச்சர். எனக்கு ஞாபகமில்ல."

ஆம் என்றிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இல்லை என்றிருந்தால் நம்பப் பார்த்திருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் வந்தது. அக்கா முன்னால் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தார். பின்னால் வருகிறேன் என்று நினைத்து எனக்கு இடம் பிடிக்கிறார். பழைய பழக்கம். கை தானாகச் செய்திருக்கும்.

நான் ஏறவில்லை. நடத்துனர் கேட்டதற்குக் கையை ஆட்டி அனுப்பிவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.